ஒன்பது வோல்ட் வழக்கு: சிறிய பெடல்போர்டுக்கு எந்தப் பவர் சப்ளை?

கிட்டார் பெடல்களுக்கு மின்சாரம் கொடுப்பது எப்படி? அறுபது ஆண்டுகளாக இதற்குப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. பேட்டரி போதும் என்றார்கள். பிறகு ஒரே அடாப்டர், பல கிளைகள் என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொரு பெடலுக்கும் தனி வழி என்றார்கள். இப்போது எல்லாமே ஒரு அங்குல உயரப் பெட்டிக்குள் அடங்கவேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு பதிலும் முந்தையதன் குறை ஒன்றைத் தீர்த்தது, புதிதாக ஒன்றைக் கொண்டும் வந்தது. நான்கிலிருந்து ஆறு பெடல் கொண்ட சிறிய போர்டை மனதில் வைத்து இந்தப் பதில்களை எடைபோடுவதே இக்கட்டுரையின் வேலை. பெரிய போர்டில் ‘நல்லதாகப் பார்த்து ஒரு பெரிய பெட்டி வாங்கு’ என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சிறிய போர்டில் அதற்கு இடமில்லை.

ஒன்பது வோல்ட் எப்படி வந்தது

1962-இல் வந்த மேஸ்ட்ரோ எஃப்.இசட்-1 ஃபஸ் பெடல் ஓடியது 3 வோல்ட்டில். ஒன்றரை வோல்ட் செல் இரண்டு போட்டால் போதும். 1965-இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ பாடலில் கேட்கும் அந்தக் கரகரப்பு இந்தப் பெட்டியிலிருந்து வந்தது. 1966-இல் லண்டனின் ஆர்பிட்டர் நிறுவனம் கொண்டுவந்த ஃபஸ் ஃபேஸ் 9 வோல்ட் பேட்டரிக்கு மாறியிருந்தது. டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் புண்ணியத்தில் அந்தச் சதுர பேட்டரி அதற்குள் எல்லாக் கடைகளிலும் கிடைத்தது. ஆக, இசைக் காரணம் எதுவும் தேடவேண்டாம். கையில் கிடைத்தது அதுதான்.

1977-இல் பாஸ் நிறுவனம் சிறிய பெடல் வரிசையைத் தொடங்கிய பிறகு அடாப்டர் ஜாக் பரவலானது. நடுமுனை நெகட்டிவ், வெளிவளையம் பாசிட்டிவ் என்ற வழக்கமும் அதோடு நிலைபெற்றது. மற்ற மின்சாதனங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும், ஆனால் காரணம் எளிது. பெடலின் உள்ளீட்டு ஜாக்கில் கிட்டார் கேபிளைச் செருகினால்தான் பேட்டரியின் நெகட்டிவ் முனை கிரவுண்டோடு சேரும். அதாவது நெகட்டிவ் பக்கத்துக்கு அந்த ஜாக்கே சுவிட்சாகிவிட்டது. அடாப்டர் செருகும்போது பேட்டரியைத் துண்டிக்க மிச்சமிருப்பது பாசிட்டிவ் பக்கம் மட்டும். சாதாரண டி.சி. ஜாக்கில் துண்டிக்கும் தொடுமுனை வெளிவளையத்தைச் சேர்ந்தது. எனவே பாசிட்டிவ் வெளியே போனது. இன்று பல பெடல்களில் பேட்டரி வைக்கவே இடமில்லை, ஆனாலும் வழக்கு மாறவில்லை.

பேட்டரிக் கட்சி

பேட்டரியின் பக்கம் நிற்பவர்களிடம் இரண்டு வாதங்கள் உண்டு. ஒன்று, அதைவிடச் சுத்தமான மின்சாரம் இல்லை. அதில் சுவரின் 50 ஹெர்ட்ஸ் உறுமலும் கிடையாது, மின்வழியில் பக்கத்துப் பெடலோடு பொதுக் கிரவுண்டும் கிடையாது. இதை மறுக்க முடியாது. இரண்டாவது, பேட்டரி தரும் தொனி வேறு என்பது. பேட்டரியின் பிராண்டு மாறினாலே காது கண்டுபிடித்துவிடும் என்ற பேச்சு எரிக் ஜான்சன் பெயரோடு சேர்த்து நெடுநாளாக உலவுகிறது.

இரண்டாவது வாதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். பழைய கார்பன்-சிங்க் பேட்டரியின் உள்தடை அதிகம், அதனால் மின்சாரம் ‘தொய்கிறது’, அந்தத் தொய்வே தொனியைத் தருகிறது என்பார்கள். புதிய கார்பன்-சிங்க் 9 வோல்ட் பேட்டரியின் உள்தடை ஏறத்தாழ 35 ஓம், ஆல்கலைனில் அது சில ஓம்தான். ஃபஸ் ஃபேஸ் வகைப் பெடல் இழுப்பதோ 1 மில்லியாம்பியர் அளவு. 35 ஓமில் 1 மில்லியாம்பியர் ஓடினால் இழப்பு 35 மில்லிவோல்ட், 9 வோல்ட்டில் அரை சதவீதம்கூட இல்லை. தொய்வு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு உள்தடையால் வருவதாகத் தோன்றவில்லை. பழைய பேட்டரி 8 வோல்ட்டுக்கோ 7 வோல்ட்டுக்கோ இறங்கிவிட்டதுதான் அதிகம் பேசுகிறது. மின்னழுத்தம் குறைந்தால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டரின் பயாஸ் நகரும், ஒலி மாறும். அது நிஜம். அப்படியானால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் குமிழ் உள்ள பவர் சப்ளையும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்யவேண்டும். வூடூ லேப் போன்ற சப்ளை தயாரிப்பாளர்கள் அதற்கென்றே சில வெளியீட்டு வாய்களில் அந்த வசதியை வைத்தார்கள்.

பேட்டரிக் கட்சியைத் தோற்கடித்தது தொனி அல்ல, டிஜிட்டல் பெடல். 500 மில்லியாம்பியர்-மணி அளவுள்ள ஆல்கலைன் பேட்டரி ஒரு ஃபஸ்ஸை மாதக்கணக்கில் ஓட்டும். ஸ்ட்ரைமன் டைம்லைன் போல 300 மில்லியாம்பியர் கேட்கும் டிலே பெடலுக்கு அது ஒரு கச்சேரிக்குக்கூடத் தாங்காது.

ஒரே அடாப்டர், பல கிளைகள்

அடுத்த பதில் டெய்சி செயின்: ஒரு அடாப்டர், அதிலிருந்து வரிசையாகக் கிளைக்கும் பிளக்குகள். 1,700 மில்லியாம்பியர் தரும் ‘ஒன் ஸ்பாட்’ இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். போர்டில் அது எடுத்துக்கொள்ளும் இடம் கிட்டத்தட்டப் பூஜ்யம். சிறிய போர்டுக்கு இதைவிடக் கச்சிதமான வழி இன்னும் வரவில்லை என்றே சொல்லலாம்.

இதன் மீதான குற்றச்சாட்டு கிரவுண்டு லூப். பெடல்களின் கிரவுண்டுகள் ஏற்கெனவே பேட்ச் கேபிளின் உறை வழியாக இணைந்திருக்கின்றன. டெய்சி செயின் அவற்றுக்கு இரண்டாவது பாதையைக் கொடுக்கிறது. சுற்றியுள்ள காந்தப்புலம் அந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டலாம். அதைவிட முக்கியம், டிஜிட்டல் பெடல் இழுக்கும் மின்சாரத்தின் ஒரு பங்கு பேட்ச் கேபிளின் உறை வழியாகத் திரும்பலாம். அந்தப் பெடலின் கடிகாரத் துடிப்பு அப்போது சிக்னலில் ஏறி, மெல்லிய விசிலாகக் கேட்கும். இந்த விசில்தான் டெய்சி செயினுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தந்தது.

ஆனால் குற்றச்சாட்டு எல்லாப் போர்டுக்கும் பொருந்தாது. ஒரு ஓவர்டிரைவ், ஒரு டிஸ்டார்ஷன், ஒரு பூஸ்டர் என்று மூன்று அனலாக் பெடல்கள் அரையடி இடைவெளியில் உட்கார்ந்திருந்தால் லூப்பின் பரப்பு மிகச் சிறியது, ஓடும் மின்சாரமும் சில பத்து மில்லியாம்பியர்தான். அங்கே டெய்சி செயின் பெரும்பாலும் சத்தமில்லாமல் வேலை செய்கிறது. தகராறு வருவது டிஜிட்டல் பெடல் கூட்டத்தில் சேரும்போது. பாசிட்டிவ் கிரவுண்டில் கட்டிய பழைய பி.என்.பி. ஃபஸ் சேர்ந்தால் விசிலோடு முடியாது. பேட்ச் கேபிளின் உறை வழியாக பவர் சப்ளையே நேராக ஷார்ட் ஆகிவிடும்.

தனி வழி: எது தீரும், எது தீராது

1990-களுக்குப் பிறகு வலுப்பெற்ற பதில் ஐசொலேட்டட் சப்ளை. டிரான்ஸ்ஃபார்மரில் ஒவ்வொரு வாய்க்கும் தனிச் சுற்று, தனி ரெகுலேட்டர். எட்டு வாய் கொண்ட வூடூ லேப் பெடல் பவர் 2 பிளஸ் இந்தப் பள்ளியின் அடையாளமாகவே ஆகிவிட்டது. ஒரு பெடலின் மின்சாரம் இன்னொன்றின் பாதையில் திரும்ப வழியில்லாததால் விசில் சிக்கல் வேரோடு போகிறது. பாசிட்டிவ் கிரவுண்டு ஃபஸ்ஸையும் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். இரண்டு வாய்களைத் தொடராக இணைத்து 18 வோல்ட் எடுக்கவும் முடியும்.

இந்த வெற்றியால் ‘ஐசொலேட்டட்’ என்பது சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது. அங்கேதான் கொஞ்சம் நிதானம் வேண்டும். இரண்டு ஆம்ப்ளிஃபையர்களுக்கு ஸ்டீரியோவாக அனுப்பும்போது வரும் உறுமலை எந்தப் பவர் சப்ளையும் தீர்க்காது. அந்த லூப் ஆம்புகளின் எர்த் வழியாக ஓடுகிறது, அதற்குச் சிக்னல் பாதையில் ஒரு ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மடிக்கணினியோடு இணைத்தால் வரும் கீச்சொலியும் இதே குடும்பம். பெடலுக்குள்ளேயே பிறக்கும் விசிலும் போகாது. சில பெடல்களில் 9 வோல்ட்டை இரட்டிப்பாக்க ஐ.சி.எல். 7660 போன்ற சார்ஜ் பம்ப் சில்லு இருக்கும். அது ஏறத்தாழ 10 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும், காதுக்கு நன்றாக எட்டும் அலைவரிசை அது. குற்றவாளி பெடலுக்குள் இருக்கும்போது சப்ளையை மாற்றிப் பயனில்லை.

ஐசொலேஷனால் புதிதாக முளைக்கும் வேடிக்கையான சிக்கலும் ஒன்று உண்டு. பாஸின் பழைய ஏ.சி.ஏ. வகைப் பெடல்கள் ரெகுலேட் செய்யாத, 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தரும் அடாப்டருக்காகக் கட்டப்பட்டவை. அந்த உபரி மின்னழுத்தத்தைத் தின்ன ஜாக்கின் நெகட்டிவுக்கும் சர்க்யூட்டின் கிரவுண்டுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டரும் டயோடும் வைத்திருப்பார்கள். இன்றைய சரியான 9 வோல்ட்டை ஐசொலேட்டட் வாயிலிருந்து கொடுத்தால் அந்தத் தடையில் பங்கு போய்விடும்; விளக்கு மங்கும், ஒலி நோஞ்சானாகும். அதே பெடலை மற்ற பெடல்களோடு டெய்சி செயினில் போட்டால் பேட்ச் கேபிளின் உறை அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு கிரவுண்டுக்கு நேர்வழி கொடுக்கும், பெடல் ஒழுங்காக ஓடும். குறை என்று பழிக்கப்பட்ட பொதுக் கிரவுண்டு இங்கே மருந்தாகிறது. வீட்டில் டெய்சி செயினில் நன்றாக ஓடிய பழைய பெடல், விலை உயர்ந்த சப்ளை வாங்கியதும் ‘கெட்டுப்போன’ கதைகளில் சில இப்படித்தான் இருக்கவேண்டும்.

விலை மலிவான பெட்டிகள் பலவற்றில் ‘ஐசொலேட்டட்’ என்று அச்சிட்டிருந்தாலும் உள்ளே கிரவுண்டு பொதுவாகவே இருக்கும். ஒவ்வொரு வாய்க்கும் தனி ஃபியூஸோ ரெகுலேட்டரோ வைத்துவிட்டு அதையே ஐசொலேஷன் என்று விற்கிறார்கள். சோதிப்பது சுலபம். சப்ளையைச் சுவரிலிருந்து கழற்றவேண்டும். கேபிள்களைப் பெடல்களிலிருந்தும் எடுத்துவிடவேண்டும், இல்லாவிட்டால் பேட்ச் கேபிள் வழியாக எல்லாக் கிரவுண்டும் சேர்ந்தே காட்டும். பிறகு மல்ட்டிமீட்டரைத் தொடர்ச்சி காட்டும் நிலையில் வைத்து, இரண்டு பிளக்குகளின் நடுத்துளையில் ஆளுக்கொரு முனையைத் தொடவேண்டும். பீப் அடித்தால் அது ஐசொலேட்டட் அல்ல. அதற்காக அந்தப் பெட்டி குப்பை என்றாகாது. தனி ரெகுலேட்டர்கள் வாய்களுக்கிடையே குறுக்குத் தொடர்பைக் குறைக்கும், அதற்கென்று பயன் உண்டு. கொடுக்கும் விலை மட்டும் அதற்கேற்றதாக இருக்கவேண்டும்.

இரும்பா, ஸ்விட்சிங்கா

பழைய பள்ளி டிரான்ஸ்ஃபார்மரை நம்பியது. அதன் குறை எடையும் உயரமும் மட்டுமல்ல. லீனியர் ரெகுலேட்டர் உபரி மின்னழுத்தத்தை வெப்பமாக்கித் தள்ளுகிறது. 13 வோல்ட் வாங்கி 9 வோல்ட் கொடுத்தால், 100 மில்லியாம்பியரில் 0.4 வாட் சூடு. 500 மில்லியாம்பியரில் 2 வாட். எட்டு வாய்க்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் அந்தக் காலத்துப் பெட்டிகளில் பல வாய்கள் 100 மில்லியாம்பியரோடு ஏன் நின்றன என்பது விளங்கும். டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலம் வேறொரு தலைவலி. போர்டின் அடியில் அது இருந்து, நேர் மேலே ஒரு வா பெடல் இருந்தால், வாவின் இண்டக்டர் அந்த 50 ஹெர்ட்ஸைப் பிடித்துக்கொள்ளும். சிறிய போர்டில் பெடலைத் தள்ளி வைக்கவும் இடமிருக்காது.

நம் ஊரில் வாங்குபவருக்கு இன்னொரு கணக்கும் உண்டு. அமெரிக்காவின் 120 வோல்ட் மாதிரியை 230 வோல்ட்டில் செருகினால் கதை முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தால் மின்னழுத்தம் சரியாகும், அலைவரிசை 50 ஹெர்ட்ஸாகவே இருக்கும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் கட்டிய இரும்பு அதில் கூடுதலாகச் சூடாகும். ஸ்விட்சிங் சப்ளைகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை எதையும் ஏற்கும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும்போது இந்தத் தாராளம் பெரிய உதவி. லீனியர் சப்ளையில் மின்னழுத்தம் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கினால் ரெகுலேட்டர் பிடியை விட்டுவிடும், 100 ஹெர்ட்ஸ் உறுமல் வெளியே வரும்.

ஸ்விட்சிங் இரைச்சல் மிக்கது என்ற பழைய தீர்ப்பு இப்போது பாதிதான் செல்லும். தரமானவற்றில் துடிப்பு வேகம் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, வடிகட்டலும் தேறியிருக்கிறது. ஸ்ட்ரைமன், சியோக்ஸ் போன்றவர்கள் ஒவ்வொரு வாய்க்கும் தனி ஐசொலேட்டட் மாற்றியை வைத்து, வாய்க்கு 500 மில்லியாம்பியரோ அதற்கு மேலோ கொடுத்த பிறகு விவாதம் பெரும்பாலும் அடங்கிவிட்டது. ஆனால் முழுமையாக அல்ல. சில ஸ்விட்சிங் மாற்றிகள் சுமை மிகக் குறைவாக இருந்தால் விட்டுவிட்டுத் துடிக்கும் சிக்கன நிலைக்குப் போகும், அந்த விட்டுவிட்டுத் துடிப்பு காதுக்கு எட்டும் அலைவரிசையில் இறங்கலாம். சப்ளையின் துடிப்பும் பெடலின் கடிகாரமும் நெருங்கிய வேகத்தில் இருந்தால் அவற்றின் வித்தியாசம் தனி ஒலியாகக் கேட்கலாம். இரண்டும் எந்தப் பெடல், எந்த சப்ளை என்ற ஜோடியைப் பொறுத்தவை. தனியாகச் சோதித்தால் இரண்டுமே நிரபராதி.

‘சிறியது’ என்பதன் கணக்கு

விளம்பரங்கள் அதிகம் பூசி மெழுகும் இடம் இதுதான். சியோக்ஸ் டி.சி.7 ஏழு வாய்களை ஒரு அங்குல உயரத்தில் அடக்கி, சுவர் மின்சாரத்தை நேராக உள்ளே வாங்குகிறது. ஸ்ட்ரைமன் ஓஹாய் அதைவிடச் சிறியது. ஐந்து வாய்கள், ஆனால் 24 வோல்ட் அடாப்டர் ஒன்று வெளியே தனியாகத் தொங்கும். இரண்டாவது வகையில் கனஅளவு குறையவில்லை, கேபிளின் மறுமுனைக்கு இடம் மாறியிருக்கிறது.

இதைக் குறையாக மட்டும் பார்க்கவேண்டியதில்லை. சுவர் மின்சாரம் போர்டுக்கு வராமலே இருப்பது உறுமலுக்கும் நல்லது, ஈரமான திறந்தவெளி மேடையில் பாதுகாப்புக்கும் நல்லது. மறுபக்கம், மெல்லிய டி.சி. கேபிள் மேடையில் ஒரு காலில் மாட்டினால் மொத்தப் போர்டும் அணைந்துவிடும். அடாப்டர் தொலைந்தால் பக்கத்துக் கடையில் 24 வோல்ட்டுக்கு மாற்று கிடைப்பதும் சந்தேகம். நடைமுறையில் தீர்மானிப்பது போர்டின் அடியில் இருக்கும் உயரம். அதை அளக்காமல் வாங்கிய சப்ளை கடைசியில் பெடலுக்கான மேல்தளத்தில் வந்து உட்காரும், சிறிய போர்டில் அது ஒரு பெடலின் இடம்.

ரீசார்ஜ் பேட்டரியும் பவர் பேங்க்கும்

பேட்டரிக் கட்சி லித்தியம் உருவில் திரும்பி வந்திருக்கிறது. பெடல்ட்ரெயினின் வோல்ட்டோ போன்றவை இதற்கென்றே செய்தவை. மிஷன் எஞ்சினியரிங்கின் 529 யு.எஸ்.பி. வழியாக மின்சாரம் வாங்கிக்கொள்ளும். மின்வெட்டு, தெருமுனைக் கச்சேரி, சுவர் பிளக் இல்லாத மேடை ஆகியவற்றுக்கு இவை உண்மையிலேயே பொருத்தம். சாதாரணப் பவர் பேங்க்கை நம்புபவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். சுமை மிகக் குறைவாக இருந்தால் பல பவர் பேங்க்குகள் ‘போன் சார்ஜ் ஆகிவிட்டது’ என்று நினைத்துத் தாமே அணைந்துவிடும். நான்கு அனலாக் பெடல் மட்டுமே உள்ள போர்டு அந்த எல்லைக்குக் கீழேதான் இருக்கும். பாட்டின் நடுவே இன்னொரு வாயில் யாராவது போனைச் செருகினால், சில பவர் பேங்க்குகள் ஒரு கணம் வெளியீட்டை நிறுத்தி மறுபடி தொடங்கும். டிஜிட்டல் பெடல் அந்தக் கணத்தில் முதலிலிருந்து துவங்கும்.

எண்களைப் படிப்பது

மில்லியாம்பியர் பற்றிய பயமும் அலட்சியமும் இடம் மாறிக் கிடக்கின்றன. 500 மில்லியாம்பியர் வாயில் 10 மில்லியாம்பியர் பெடலைச் செருகினால் பெடல் எரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். எரியாது, பெடல் தனக்கு வேண்டியதைத்தான் இழுக்கும். மின்னழுத்தத்தில் காட்டவேண்டிய பயத்தைக் காட்டுவதில்லை. 18 வோல்ட்டில் ஓவர்டிரைவ் ‘திறந்து’ கேட்கும் என்பது சில பெடல்களுக்கு உண்மை. சார்ஜ் பம்ப் உள்ள பெடலுக்கு 12 வோல்ட் கொடுப்பதே ஆபத்து, பழைய 7660 வகைச் சில்லின் எல்லை ஏறத்தாழ 10 வோல்ட்.

மொத்தக் கொள்ளளவும் வாய்க்கான கொள்ளளவும் ஒன்றல்ல. மொத்தம் 2 ஆம்பியர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், வாய்க்கு 100 மில்லியாம்பியர் என்றால் 300 கேட்கும் டிலே அதில் ஓடாது. தேவையைப்போல இரண்டு மடங்கு வைத்துக்கொள் என்ற வழக்கமான அறிவுரை அனலாக் பெடலுக்கு மிகை. துவங்கும் கணத்தில் அதிகம் இழுக்கும் டிஜிட்டல் பெடலுக்கு அதில் நியாயம் இருக்கிறது. லைன் 6 தன் எச்.எக்ஸ். ஸ்டாம்ப்போடு 3 ஆம்பியர் அடாப்டரைத் தருகிறது. அப்படியொன்று போர்டில் இருந்தால் அதன் அடாப்டரை அப்படியே விட்டுவிட்டு மற்றவற்றுக்கு மட்டும் சப்ளை தேடுவதே பல நேரம் மலிவு.

எர்த் என்ற விடுபட்ட அத்தியாயம்

இரைச்சல் பற்றிய பேச்சில் பாதுகாப்பு பின்னால் போய்விடுகிறது. 1972-இல் ஸ்டோன் தி குரோஸ் குழுவின் கிட்டாரிஸ்ட் லெஸ்லி ஹார்வி ஸ்வான்சி மேடையில் மின்சாரம் தாக்கி இறந்தார். அது பெடலால் நேர்ந்ததல்ல, எர்த் சரியில்லாததால் நேர்ந்தது. இரண்டு முள் ஸ்விட்சிங் அடாப்டர்களின் உள்ளே சுவர்ப் பக்கத்தையும் வெளியீட்டுப் பக்கத்தையும் இணைக்கும் ஒரு சிறு மின்தேக்கி இருக்கும். அதன் வழியாக மிகச் சிறிய கசிவு மின்சாரம் வரும். மூன்று முள் ஆம்ப் இணைந்திருந்தால் அது எர்த்துக்குப் போய்விடும். போர்டிலிருந்து நேராக ஹெட்போனுக்கோ இரண்டு முள் சார்ஜரில் ஓடும் மடிக்கணினிக்கோ போனால் அதற்குப் போக்கிடம் இல்லை. கிட்டார் கம்பியைத் தொடும்போது வரும் அந்தச் சுரீர் அதுதான். தரமான அடாப்டரில் அது ஆளைக் கொல்லாது. எர்த் இல்லாத சாக்கெட்டில் ஓடும் ஆம்ப்போடு சேரும்போது, சுரீர் என்றது கசிவா பழுதா என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. உறுமலைக் குறைக்க எர்த் முள்ளை உடைக்கும் பழக்கத்துக்கு எந்தப் பள்ளியிலும் நியாயம் கிடையாது.

தீர்ந்தவையும் தீராதவையும்

சிறிய போர்டைப் பொறுத்தவரை, எல்லா வாயும் தனித்தனியாகப் பிரிந்திருக்கவேண்டும் என்ற கட்டளைக்கு ஆதாரம் நினைப்பதைவிடக் குறைவு. பிரிக்கவேண்டியது கூட்டத்தை: டிஜிட்டல் ஒவ்வொன்றும் தனி, பாசிட்டிவ் கிரவுண்டு ஃபஸ் தனி, மிச்சமுள்ள அனலாக் பெடல்கள் ஒரே வாயில் ஒரு குட்டி டெய்சி செயினாக. மூன்று அல்லது நான்கு உண்மையான ஐசொலேட்டட் வாய்கள் ஆறு பெடலுக்குப் போதுமானதாகவே தெரிகிறது. எட்டு வாய்க்குக் கொடுக்கும் பணத்தின் ஒரு பகுதி எதிர்காலப் பெடல்களுக்கான முன்பணம். பெடல் வாங்கும் பழக்கம் உள்ளவர்களிடம் அது வீண் என்று சொல்லிவிடவும் முடியாது.

விடை வராதவை வேறு. சப்ளைகளின் இரைச்சலை எந்தச் சுமையில், எந்த அலைவரிசை வரம்பில் அளந்து சொல்லவேண்டும் என்பதில் தயாரிப்பாளர்களுக்கிடையே பொதுவான அளவுகோல் இல்லை. சிலர் எண் தருகிறார்கள், பலர் ‘மிகக் குறைந்த இரைச்சல்’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எண் தருபவர்களையும் அருகருகே வைத்து ஒப்பிட முடிவதில்லை. சிக்கன நிலையில் என்ன நடக்கிறது என்பதை வாங்குபவர் தன் பெடல்களைச் செருகிக் கேட்டுத்தான் அறியவேண்டியிருக்கிறது. யு.எஸ்.பி. சி வகையில் 9 வோல்ட் கேட்டு வாங்கும் வசதி ஏற்கெனவே இருக்கிறது. பெடல்களே அந்த ஜாக்கோடு வரத் தொடங்கினால் 1977-இன் தலைகீழ் பிளக்குக்கு வேலை போகலாம். அப்போதும் எல்லாப் பெடலும் ஒரே சார்ஜரின் கிரவுண்டில் வந்து சேருமா, அல்லது ஒவ்வொரு பெடலும் தன் ஐசொலேஷனைத் தானே சுமக்குமா என்பதற்கு இதுவரை வந்த பொருள்களில் பதில் இல்லை.